மெல்பர்னில் ஒரு கிழங்கு ஓவியத்தின் முன்னால்

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றால் ரொம்ப நாள் வரை எனக்குப் புள்ளிதான். நினைவுப் பொருள் கடை ஒன்றில் டீ கோஸ்டர் செட் வாங்கியிருந்தேன். புள்ளிக்கு நடுவே ஒரு பல்லி. திருப்பிப் பார்த்தால் அது அச்சானது வேறு நாட்டில். வரைந்தவர் பெயரே இல்லை. சரி, போகட்டும்.

அந்த நினைப்போடுதான் மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் இருக்கும் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தேன். கலை ஆர்வமெல்லாம் இல்லை, வெளியே மழை. உள்ளே ஒரு சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு கறுப்பு நிறத்தில் ஓர் ஓவியம். சுமார் 3 மீட்டர் உயரம், 8 மீட்டர் நீளம். புள்ளி ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் கோடுகள் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்தன. பழங்குடி ஓவியர் எமிலி காம் உங்வாரே 1995இல் வரைந்த ‘பிக் யாம் டிரீமிங்’. இரண்டே நாளில் முடித்தாராம். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

முதல் ஐந்து நிமிடம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் கோடு எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. தொடங்கும் இடத்தில் வெள்ளை தடிமனாக, ஈரம் சொட்டச் சொட்ட வைத்த மாதிரி. போகப் போகத் தூரிகை காய்ந்து, ஓரம் பிசிறாகி, கறுப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. அங்கேயே மறுபடி தொட்டு எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். திருத்திய அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

அவர் வரைந்தது அன்வெர்லார் என்ற கிழங்குக் கொடியை. ஆங்கிலத்தில் பென்சில் யாம் என்றாலும் இது நம் ஊர்ச் சேனை, வள்ளி வகையில்லை. உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த அதே விக்னா இனம். மண்ணுக்குள் கிழங்கு பருக்கும்போது மேலே தரை வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் பெண்கள் தோண்டுவார்கள். எமிலியின் பெயரிலேயே அது இருக்கிறது. ‘காம்’ என்றால் அந்தக் கொடியின் விதை. ‘உங்வாரே’ குடும்பப் பெயரில்லை, யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லும் உறவுப் பிரிவின் பெயர். ஆக, கிழங்கை வரைவது அவருக்குத் தன்னையும் தன் ஊர் அல்ஹால்கெரேயையும் வரைவதுதான்.

அந்த ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, யுடோபியா என்ற பகுதியில் இருக்கிறது. எமிலி 1910 வாக்கில் பிறந்தவர். ஆட்டு மாட்டுப் பண்ணைகள் பழங்குடிகளின் நிலத்தை எடுத்துக்கொண்ட காலம் அது. அவரும் அந்தப் பண்ணைகளில் வேலை பார்த்தார். சடங்குகளில் பெண்களின் மார்பிலும் தோளிலும் காவி மண்ணால் கோடு போடுவது மட்டும் நிற்கவில்லை. 1977இல் மற்றப் பெண்களோடு சேர்ந்து பத்திக் கற்றுக்கொண்டார். மெழுகைச் சூடாக்கி, பட்டில் வரைந்து, சாயம் தோய்த்து, அப்புறம் மெழுகு போகத் துணியை வேக வைக்க வேண்டும். வயதான காலத்தில் இந்த வேலை லேசா? 1988இன் கடைசியில் அக்ரிலிக் வண்ணமும் கேன்வாஸும் யுடோபியாவுக்கு வந்தன. அவ்வளவுதான், அடுத்த எட்டு வருஷத்தில் ஏறக்குறைய 3,000 ஓவியங்கள். சராசரியாக நாளைக்கு ஒன்று! கேட்டு வந்த வியாபாரிகளும் குறைவில்லை, அந்த வருமானத்தை நம்பியிருந்த சொந்தங்களும் குறைவில்லை. 1996 செப்டம்பரில் இறந்தார். அவர் 1994இல் வரைந்த ‘எர்த்ஸ் கிரியேஷன்’ 2017இல் 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது.

இவரைப் பிரெஞ்சு ஓவியர் மோனேயோடும் நியூயார்க் அரூப ஓவியர்களோடும் ஒப்பிட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது எரிச்சல்தான். அந்த ஓவியங்கள் எதையும் பார்த்து அவர் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாம் முறை போனபோது வேறொன்று உறைத்தது. அவர் துணியைத் தரையில் விரித்து, சம்மணம் போட்டு, பல சமயம் அதன் மேலேயே உட்கார்ந்து வரைந்தவர். அப்படியென்றால் இதற்கு மேல் எது, கீழ் எது? சுவரில் மாட்டியதால்தான் நான் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்தேன். இடது கீழ் மூலையில் ஒரு கோட்டைப் பிடித்துக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். பாதி தூரத்தில் ஒரு முடிச்சில் அது எங்கோ புகுந்துகொண்டது. திரும்ப மூலையிலிருந்து. மூன்றாவது முறை நடுவைத் தாண்டியபோது காவலர் வந்து, மூடும் நேரமாகிவிட்டது என்றார்.