கையில் ராஜா ஜோடி, ஃப்ளாப்பில் ஏஸ்: என்ன செய்யலாம்?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து நண்பர்கள் சேர்ந்து நோ-லிமிட் ஹோல்டெம் (பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் சீட்டாட்டம்) ஆடுகிறோம். காசு கிடையாது, வெறும் சில்லுகள்தான்.

ஏஸ் ஜோடியே ஒருவரை எதிர்த்தால் சுமார் 85% ஜெயிக்கும், நான்கு பேர் உள்ளே வந்தால் 56% தான். அதனால் பெரிய ஜோடி வந்தால் ஃப்ளாப்புக்கு (எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டுகளுக்கு) முன்பே பெட்டை மூன்று மடங்கு ஏற்றுகிறேன். எங்கள் ஆட்களோ ஃபோல்டு பண்ணவே (சீட்டைப் போட்டுவிட்டு விலகவே) மாட்டார்கள். தே தாரேயை உறிஞ்சிக்கொண்டே எல்லாரும் கால் பண்ணுவார்கள் (அதே அளவு சில்லு போட்டுத் தொடர்வார்கள்)!

ராஜா ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் வருவதற்கு 22%க்கும் மேல் வாய்ப்பு. அப்படி வந்து, இன்னும் மூன்று பேர் ஆட்டத்தில் இருக்க, முதல் ஆள் நடுவில் கிடக்கும் சில்லுகளில் பாதி அளவு பெட் வைத்தால் உடனே ஃபோல்டா, ஒரு தடவை கால் பண்ணிப் பார்ப்பதா? அப்புறம், இந்த மாதிரி மேசையில் முதலிலேயே ஐந்தாறு மடங்கு ஏற்றலாமா? ஆடிப் பழகிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.