என்கோடரை (தண்டு எவ்வளவு சுற்றியது என்பதைப் பல்ஸாகச் சொல்லும் கருவி) வீட்டில் டெஸ்ட் பண்ணியவர்கள் எழுதுங்கள்

அம்மாப்பேட்டை:
ரேப்பியர் தறி நின்று நின்று ஓடுகிறது என்று பக்கத்துத் தறிக்காரர் கொண்டுவந்த, ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் தரும் என்கோடர். சர்வீஸுக்கு வந்தவர் மோட்டாரை ஓட்டும் டிரைவ்தான் போச்சு என்று சொல்லி அதை மாற்றிப் பணமும் வாங்கிவிட்டார், புது டிரைவிலும் அதே கோளாறு. ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) என்கோடரின் ஏ, பி சிக்னல் இரண்டும் 90 டிகிரி தள்ளி அழகாக வருகிறது. அப்புறம் அர்டுவினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் ஏ, பி இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் (எட்ஜ்) எண்ணிப் பார்த்தேன், ஒரு பல்ஸுக்கு நான்கு. சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் பல்ஸ் ஒன்றிலிருந்து அடுத்த இசட்டுக்கு 4096 வரணும், வந்தது 4092. எத்தனை சுற்றினாலும் 4092தான். அதாவது ஒரு பல்ஸ் காணோம். பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் டிஸ்க் ஓரத்தில், கோடுகள் மேலேயே, எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரு துளி பஞ்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் 4096. இந்தப் பஞ்சுக்காக அந்த மனுஷன் டிரைவுக்குக் காசு கொடுத்தாரே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏற்காடு:
எங்களுக்குப் பஞ்சு இல்லை, பனி. விடுதி லிஃப்ட் மோட்டாரின் என்கோடர், காலையில் மட்டும் எரர், மதியம் ஒன்றுமில்லை. வீட்டு மேசையில் வைத்தால் சுத்தமாக வேலை செய்கிறது. ராத்திரி திண்ணையிலேயே விட்டுவிட்டு விடிந்ததும் அடுப்படிப் பக்கம் கொண்டுவந்து சுற்றினேன், பல்ஸே இல்லை. மூடியைத் திறந்தால் கண்ணாடி டிஸ்க் முழுக்க ஆவி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து தெளிய, ஸ்கோப்பில் அலை விட்டு விட்டு வந்து அப்புறம் சீராக நிலைத்தது. தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 சீல் உள்ளதாக வாங்கி மாட்டிவிட்டோம்.

சூரமங்கலம்:
முதலில் எழுதிய அண்ணா, அர்டுவினோ கணக்கை அப்படியே நம்பாதீங்க. ட்ரில்லில் மாட்டி 1000 ஆர்பிஎம் சுற்றினாலே வினாடிக்கு 68 ஆயிரம் எட்ஜ், அர்டுவினோ ஊனோ போர்டில் ஒவ்வொரு எட்ஜுக்கும் புரோகிராமை நிறுத்தி எண்ணும் இன்டரப்ட் முறை அதில் சிலவற்றை விட்டுவிடலாம். இஎஸ்பி 32 என்ற இன்னொரு கன்ட்ரோலரில் எண்ணுவதற்கென்றே தனி ஹார்டுவேர் இருக்கிறது, அதைப் போடுங்க. சிக்னலைக் கீழே மட்டும் இழுக்கும் ஓபன் கலெக்டர் வகைக்கு, அதை மேலே தூக்கும் புல்லப் ரெசிஸ்டர் போடாமல் ‘டெட்’ என்று எழுதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். லைன் டிரைவர் வகை என்றால் ஏ-யையும் அதன் தலைகீழான ஏ பாரையும் சேர்த்துப் பாருங்க. தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கைச் சுத்தியலால் தட்டவே கூடாது, கண்ணாடி டிஸ்க் விரிசல் விட்டுவிடும். சர்வோ மோட்டார் என்றால், என்கோடர் இருந்த கோணத்துக்குக் குறி போடாமல் அதைக் கழற்றாதீங்க. எங்கள் பட்டறையில் ஒரு பையன் அப்படிக் கழற்றி மாட்டி, ஆன் பண்ணியதும் மோட்டார் கன்ட்ரோல் இல்லாமல் பறந்து கப்ளிங் முறிந்தது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாப்பேட்டை:
ட்ரில் இல்லை தம்பி, கையால் மெதுவாகச் சுற்றினேன். அர்டுவினோ எண்ணாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு எண் வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விட்டது. ஷாஃப்ட்டில் மார்க்கர் கோடு போட்டுத்தான் பார்த்தேன். சர்வோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஏற்காட்டுக்காரரே, சீல் வைத்தது மழைக்காலத்தைத் தாண்டியதா?