வீட்டில் எந்த மொழி? பள்ளிப் படிவமும் லத்தினோ பிள்ளைகளும் – அனுபவப் பகிர்வு

தாழம்பூ:
கலிபோர்னியா, ஆகஸ்ட் மாதச் சேர்க்கை. ஹோண்டுராஸ் அம்மா, ஐந்து வயது மகன். பள்ளியில் சேர்க்கும்போது, பிள்ளையும் வீட்டாரும் எந்த மொழி பேசுகிறார்கள் என்று நாலு கேள்வி கேட்கும் வீட்டுமொழிப் படிவம். முதல் வரியில் "எஸ்பஞோல்", அதாவது ஸ்பானிஷ், என்று அம்மா எழுதிவிட்டார். மேசையில் இருந்தவரும் லத்தினோதான், லத்தீன் அமெரிக்க வம்சாவளி. குரலைத் தாழ்த்தி ஸ்பானிஷிலேயே, "இங்கிலீஷ்னு போட்டுடுங்க, இல்லைன்னா பையனைத் தனியா ஒதுக்கிடுவாங்க" என்றார். அந்த அம்மா எழுதியதை அடித்தார். ஒரு கோடு அல்ல, அடியிலிருக்கும் எழுத்தே தெரியாதபடி நாலைந்து கோடு. பையன் "என்னம்மா பண்றே?" என்று ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டே நின்றான். பதில் வரவில்லை. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேனா கீறிய சத்தம் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

மேற்குச்சாளரம்:
தாழம்பூ, மேசையில் இருந்தவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது, சொன்ன வழிதான் தப்பு. ஸ்பானிஷ் என்று எழுதினால் 30 நாளுக்குள் எல்பாக் என்ற மாநில ஆங்கிலத் திறன் தேர்வின் முதல் தேர்வு: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல். அதில் தேறாவிட்டால் 'ஆங்கிலம் கற்பவர்' என்ற முத்திரை. பிறகு ஆண்டுதோறும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே மறுபடி தேர்வு. முத்திரை விலக நாலு வேண்டும்: எல்பாக்கில் மொத்தத்தில் 4ஆம் நிலை, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, அடிப்படைத் திறனில் ஆங்கிலத் தேர்ச்சி உள்ள சம வயதுப் பிள்ளைகளோடு ஒப்பீடு. பேச்சில் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் சிக்குவதில்லை. சிக்குவது வாசிப்பிலும் எழுத்திலும்.

நடுநிலைப் பள்ளிக்குப் போனதும்தான் வலி தெரியும். கூடுதல் ஆங்கிலப் பாடவேளை, விருப்பப்பாடத்தின் நேரத்தைத் தின்றுவிடும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளி ட்ரம்பெட்டைத் திருப்பிக் கொடுத்த காட்சி: பெட்டியின் கொக்கியை மாட்டினாள், மறுபடி திறந்து ஒரு தரம் பார்த்தாள், மூடினாள். இங்கே பிறந்த பெண். ஆங்கிலம் தண்ணீர் மாதிரி பேசுவாள்.

அதற்காகப் படிவத்தில் பொய் எழுதினால், உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமலே போகும். உண்மையை எழுதுங்கள், ஆண்டுதோறும் நாலு பகுதி மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதி இழுக்கிறது என்று மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: படிவத்தைத் திருத்த வேண்டுமென்றால் முதல் தேர்வு தொடங்குமுன் திருத்த வேண்டும். தொடங்கிவிட்டால் திருத்தம் முத்திரையை மாற்றாது.

கோடைமழை:
இரண்டு பேருமே 'ஸ்பானிஷ்தான் உண்மை' என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஓக்லண்ட் பக்கம் குவாத்தமாலாக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுமொழி மாம் என்ற மாயப் பூர்வகுடி மொழி. ஆக்ஸ்னார்டில் மெக்சிகோப் பூர்வகுடிகளின் மிஷ்தெகோ. ஊரில் அந்த மொழிக்காகவே ஏளனப்பட்டவர்கள், படிவத்தில் ஸ்பானிஷ் என்றே எழுதுவார்கள். பெற்றோர் சந்திப்பில் ஒரு அப்பா, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் "சீ, சீ" (ஸ்பானிஷில் 'ஆமாம், ஆமாம்') என்று தலையாட்டினார். கடைசியில் எட்டு வயது மகள் அவர் காதருகே குனிந்து மாமில் ஏதோ சொன்னாள். அப்போதுதான் அவர் முகம் மாறியது. அதுவரை பள்ளி அந்தப் பெண்ணை 'தாய்மொழியிலும் மந்தம்' என்று எழுதி வைத்திருந்தது.

படிவம் வாங்குகிறவர்கள் "என்ன மொழி?" என்று கேட்கக் கூடாது. "பாட்டி எந்த மொழியில திட்டுவாங்க?" என்று கேட்டால் உண்மை வரும். மொழிபெயர்ப்பு பள்ளியின் பொறுப்பு. பிள்ளையை நடுவில் உட்கார வைக்கவே கூடாது.

நெடுஞ்சாலை:
படிவத்தை விடுங்கள், நோட்டைப் பாருங்கள். முதல் வகுப்புப் பையன் வீடு வரைந்து, கீழே ஆங்கிலத்தில் 'ஹவுஸ்' என்று எழுதியிருந்தான்: ஜே, ஏ, யூ, எஸ். ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். ஸ்பானிஷில் ஜே-க்கு ஹகர ஒலி, ஏ-யூ சேர்ந்தால் 'அவு'. ஒலிக்கு ஒலி துல்லியமாக எழுதிய பிள்ளை அது. அவனுக்கு வாசிக்கத் தெரியும், விதி மட்டும் வேறு. பள்ளியை 'எஸ்கூல்' என்பதும் அப்படித்தான். ஸ்பானிஷில் 'ஸ்' ஒற்று இன்னொரு மெய்யோடு சேர்ந்து சொல்லின் முதலில் வராது. நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றது போல.

அதனால் வீட்டில் ஸ்பானிஷை நிறுத்தாதீர்கள் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள். தினம் 20 நிமிடம் ஸ்பானிஷில் வாசிப்பு. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திட்ட வேண்டாம், அதையே ஸ்பானிஷில் திருப்பிச் சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தால் போதும். தோர்த்தியா ரொட்டியை வெட்டும்போதே பாதி, கால் என்று ஸ்பானிஷில் சொல்லட்டும். பின்னம் புரிந்தபின் ஆங்கிலத்தில் பெயர் மட்டும்தான் புதிது.

இருமொழி வகுப்பில் சேர்த்தால் நடுவில் எடுக்காதீர்கள். 90/10 முறையில் மழலையர் வகுப்பில் 90 பங்கு ஸ்பானிஷ், ஆண்டுதோறும் குறைந்து நாலு, ஐந்தாம் வகுப்பில் சரிபாதி. மூன்றாம் வகுப்பில் ஆங்கில மாநிலத் தேர்வு வருகிறதே என்று இரண்டாம் வகுப்பிலேயே பயந்து மாற்றுகிறார்கள். ஸ்பானிஷ் வாசிப்பு உறுதியாகி, ஆங்கில வாசிப்பு அதன்மேல் ஏறப்போகும் நேரம் அது. இரண்டும் அரைகுறையாக நிற்கும். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்குக் கீழே போனால் இடைவேளைப் பேச்சு முழுக்க ஆங்கிலமாகிவிடும்.

பின்னிருக்கை:
நெடுஞ்சாலை, 'சேர்த்தால்' என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 1998 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் 61 சதவீத வாக்கோடு, ஆங்கிலத்திலேயே கற்பிக்கச் சொன்ன 227ஆம் முன்மொழிவு வந்தபின், இருமொழி வகுப்பு வேண்டுமென்றால் பெற்றோர் நேரில் போய் விலக்கு எழுதித்தர வேண்டியிருந்தது, அதுவும் ஆண்டுதோறும். பத்து வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை முதலில் 30 நாள் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டியிருந்தது. பழத்தோட்டத்தில் தினக்கூலி வேலை செய்கிற அம்மாவுக்கு அந்த ஒரு கையெழுத்து ஒரு நாள் கூலி. அரிசோனா 2000இல் இதே வழியில் போனது. பின்னர் அங்கே தினம் நாலு மணி நேரம் பிள்ளைகளைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள், 2019இல்தான் அது பாதியானது.

கலிபோர்னியாவில் 2016இல் 58ஆம் முன்மொழிவு 73 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று 227இன் பெரும்பகுதியை நீக்கியது. இப்போது ஒரே வகுப்பில் 20 பெற்றோர், அல்லது பள்ளி முழுவதும் 30 பெற்றோர் கேட்டால், இயன்றவரை அந்த இருமொழி வகுப்பைப் பள்ளி தந்தாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டது கணக்கில் ஏறாமலே போய்விடும்.

தாழம்பூ:
மேற்குச்சாளரம் சொன்னதைப் பார்த்தால் அந்தப் பையன் இன்னும் எந்தத் தேர்வும் எழுதவில்லை. 'இங்கிலீஷ்' என்று இருப்பதால் எழுதச் சொல்லவும் மாட்டார்கள். அப்படியென்றால் படிவத்தை இப்போதும் திருத்தலாம். திங்கட்கிழமை காலை புதுப் படிவம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். கூடவே அந்த 20/30 கணக்கையும் ஸ்பானிஷில் எழுதி.