ஜம்ப் ஸ்கேர் 'திடுக்கம்' எனில், அடங்காமல் தங்கிவிடும் அச்சத்துக்கு 'அரட்சி': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஜப்பானியப் பேய்ப்படங்களைப் பார்ப்பவர்கள் எப்படி அஞ்சுகிறார்கள் என்று கட்டுரை எழுதும் நண்பர், ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீரென ஏதாவதொன்றைக் காட்டிப் பார்ப்பவரைத் துள்ளச்செய்யும் உத்தி, என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். அதற்கு மறுமொழியாக இதுவரை 'தாவல் அச்சம்', 'திடீர் அச்சுறுத்தல்', 'துணுக்குக்காட்சி' ஆகிய மூன்றும் வந்துள்ளன. முதலாவது சொல்லுக்குச் சொல் வைத்தது; ஆங்கிலம் அறியாதவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. அச்சுறுத்தல் என்பது செய்தித்தாள் வழக்கில் மிரட்டலுக்கும் வரப்போகும் ஆபத்துக்கும் உரியதாக நிலைபெற்றுவிட்டது. துணுக்குறுதல் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் வார இதழ்களில் பக்கத்தின் ஓரத்தை நிரப்பும் சிறு செய்திக்குத் துணுக்கு என்று பெயர் வைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டமையால், துணுக்குக்காட்சி என்றால் படத்திலிருந்து வெட்டியெடுத்த சிறு பகுதி என்றே வாசகர் கொள்வார்.

என் பரிந்துரை 'திடுக்கம்'. திடுக்கிடுதல் எல்லோர் வாயிலும் உள்ள வினை. அதன் பெயர்வடிவைப் பார்வையாளர் அடையும் உணர்வுக்கும், 'திடுக்கமூட்டல்' என்பதை இயக்குநர் கையாளும் உத்திக்கும் வைத்துக்கொள்ளலாம். இதில் பெரிய கருத்துவேறுபாடு எழாது என்று நம்புகிறேன்.

ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் கட்டுரைக்குப் போதாது. இப்படங்களின் உண்மையான வலிமை திடுக்கத்தில் இல்லை. அதற்கு நேர்மாறான ஓர் அச்சத்தில் இருக்கிறது. அதற்குப் பெயரில்லாமல் நாம் இரண்டையும் 'திகில்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

தகாஷி ஷிமிசு 2000-இல் திரையரங்குக்குச் செல்லாமல் நேராக வீடியோவில் வெளியிட்ட 'ஜு-ஓன்' படங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு சாதாரண வீடு, ஒரு மாடிப்படி, உடலெங்கும் வெள்ளை பூசிய ஒரு சிறுவன், தொண்டையிலிருந்து விட்டுவிட்டு எழும் ஒரு கரகரப்பு ஆகியவற்றைத் தவிர அவரிடம் பெரிதாக ஏதுமில்லை. பின்னர் அதே பெயரில் திரையரங்குக்காக எடுத்த படத்தில் ஒரு பெண் மின்தூக்கியில் ஏறிச் செல்கிறாள். கதவின் கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு தளத்திலும் அதே வெள்ளைச் சிறுவன் நிற்கிறான். அவள் அவனைப் பார்ப்பதில்லை, நாம் பார்க்கிறோம். அடுத்த தளத்திலும் அவன் இருப்பான் என்று தெரிந்த பிறகும், கண்ணை அங்கிருந்து எடுக்க முடிவதில்லை.

இந்தப் படத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். மின்தூக்கிக் காட்சியில் ஒருவரும் கத்தவில்லை. என் அக்காள் மகள் மட்டும் தரையில் ஊன்றியிருந்த கால்களை மெல்லத் தூக்கிச் சோபாவின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் படத்தில் மின்தூக்கியில் சென்ற அதே பெண் போர்வைக்குள் ஒளிய, போர்வைக்குள்ளேயே பேயின் முகம் தெரிந்தபோது அனைவரும் அலறினோம். அலறிய கையோடு சிரித்தோம். அந்த அலறல் அங்கேயே தீர்ந்துவிட்டது. படம் முடிந்தபின் அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் திரும்பி வர யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குக் காரணம் மின்தூக்கிதான், போர்வை அன்று. திடுக்கத்துக்குப் பின் சிரிப்பு வருகிறது. மற்றதற்குப் பின் எதுவும் வருவதில்லை; அது வீட்டில் தங்கிவிடுகிறது.

ஜப்பானியர் இவ்விரண்டையும் அன்றாடப் பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். திடுக்கிட்டால் 'பிக்குரி', முதுகுத்தண்டு சில்லிட்டால் 'ஸொத்தோ'. நோரியோ ட்சுருதா 1991-இல் தொடங்கிய 'உண்மையில் நடந்த அச்சக் கதைகள்' என்னும் வீடியோ வரிசையில் பேய் பின்னணியில் பேசாமல் நிற்கும். அதைச் சுட்டிக்காட்ட இசை உயர்வதில்லை. 1998-இல் வெளிவந்த 'ரிங்கு' படத்தில் ஹிதேயோ நகாத்தா, கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தில் பயிற்சி பெற்ற நடிகையைப் பின்னோக்கி நடக்கச்செய்து, படத்தைத் திருப்பி ஓட்டினார். அந்த நடையில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாமலே நம் உடல் ஒடுங்குகிறது. பணம் அதிகம் கேட்காத உத்தி இது.

இந்த உணர்வுக்குத் தொல்காப்பியத்தில் சொல் தேடினேன். உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் அதன் மெய்ப்பாட்டியல், 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்கிறது. பேய் முதலான வருத்தும் ஆற்றல்களைக் குறிக்கும் அணங்கு முதலில் நிற்பது நமக்கு உவப்பானது. ஆனால் அந்த வகைப்பாடு அச்சம் எதனால் வருகிறது என்பதைப் பற்றியது, எப்படி வருகிறது என்பதைப் பற்றியதன்று. தொல்காப்பியத்தில் சொற்பொருள் கூறும் உரியியல் தரும் பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சப்பொருளனவே எனினும், இன்று அவற்றை எழுதினால் ஒவ்வொரு முறையும் உரை சொல்ல வேண்டியிருக்கும். அச்சத்தைக் குறிக்கும் மற்றொரு பழஞ்சொல்லான 'உட்கு' என்பதை நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, இதே காரணத்தால் கைவிட்டேன்.

விடை பழமொழியில் கிடைத்தது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.' இப்படங்களின் செய்முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது என்பேன். இயக்குநர் முதலில் பார்ப்பவரை அரளச் செய்கிறார். அதன்பின் இருண்ட மூலைகளில் பேயை வைக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணே செய்துகொள்கிறது. இயக்குநருக்கு அதற்குத் தனிச்செலவு இல்லை.

வறள் வறட்சி ஆவது போல, மருள் மருட்சி ஆவது போல, அரள் 'அரட்சி' ஆகும். பேச்சுவழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. குழந்தை எதையோ கண்டு அரண்டுவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, அந்த நொடி வீரிட்டதைப் பற்றியன்று. அதன்பின் இரண்டு மூன்று நாள் தூக்கத்தில் விழித்து அழுவதையும், திருநீறு மந்திரித்துப் பூசிய பிறகும் தனியாகப் படுக்க மறுப்பதையும் பற்றித்தான். தங்கிவிடும் அச்சம் என்ற பொருள் வினையிலேயே இருக்கிறது.

வழக்கில் உள்ள 'மிரட்சி' இருக்கப் புதுச்சொல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வெடிச்சத்தம் கேட்டால் மாடு மிரள்கிறது. சத்தம் ஓய்ந்தால் அடங்குகிறது. ஆகவே மிரட்சி திடுக்கத்தின் பக்கம் சாய்கிறது. மருட்சியோ மயக்கத்தையும் குறிக்கும். அதன் உறவான மருட்கை எட்டு மெய்ப்பாடுகளில் வியப்புக்கு உரியது.

கட்டுரையில் இப்படி எழுதலாம்: 'இப்படத்தில் திடுக்கமூட்டல்கள் சிலவே, முதல் அரைமணியில் ஊன்றப்படும் அரட்சி இறுதிவரை தளர்வதில்லை.' 'வெள்ளைப்பூச்சைக் கண்டு சிரித்த பார்வையாளர்களுக்கு அரட்சி ஏற்படவே இல்லை.'

ஒன்றில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. இயக்குநரின் செயலைக் குறிக்கும் பிறவினை 'அரட்டுதல்' என்றே அமையவேண்டும். அரட்டி உருட்டி வேலை வாங்குதல் என்ற வழக்கும் உண்டு. ஆனால் அது அதட்டலாக ஒலிக்கிறது. அரட்டையும் உடன் நினைவுக்கு வந்துவிடுகிறது. 'அரளவைத்தல்' நீளமாயினும் தெளிவாக உள்ளது. இதைவிடச் சுருக்கமான வடிவம் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.