ஆடிஷன், ஆர்கெஸ்ட்ரா வேலை: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்

இரண்டாம் வயலின்

மூன்று வருடம் ஆகியும் மனசை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வேலைக்கான ஆடிஷன், அதாவது வாசித்துக் காட்டும் தேர்வு. முதல் சுற்று. யார் வாசிக்கிறார் என்று தெரியாமல் இருக்க நடுவர்கள் திரைக்குப் பின்னால். வரிசைக்கான குலுக்கலில் எனக்கு 41. கார்ப்பெட் மேல் நடந்து போய் நின்றேன், மொசார்ட் நன்றாகவே போனது. அடுத்து ஸ்ட்ராஸின் 'டான் ஜுவான்' முதல் பக்கம். அது என்ன பாடு படுத்தும் என்று வயலின்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மாதம் மெட்ரோனோமோடு, அதாவது தாளக் கருவியோடு, உட்கார்ந்த பக்கம். மூன்றாவது வரிக்குள் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ பென்சிலை மேஜையில் வைத்தார். 'டொக்'. நான் வாசித்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு வரி கழித்துத்தான் "நன்றி" வந்தது. அந்த நன்றிகூட வலிக்கவில்லை. முடிந்துவிட்டது என்று தெரிந்தும் வாசித்த அந்த இரண்டு வரிதான் வலிக்கிறது. திரை இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருப்பார்கள்.

டிராம்போன்

வருத்தம் புரிகிறது. ஆனால் திரைமேல் பழி போடாதீர்கள், ப்ளீஸ். எனக்கு நேர்மாறாக நடந்தது. முதல் இரண்டு சுற்றும் திரை, கடைசிச் சுற்றில் எடுத்துவிட்டார்கள். பல இடங்களில் இதுதான் வழக்கம். உள்ளே போனதும் நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்தார், கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எண் சரிதானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நான் இன்னும் ஒரு ஸ்வரம்கூட ஊதவில்லை!

பாஸ்டன் சிம்பொனி 1952-லேயே திரையை முயன்று பார்த்தது. அமெரிக்காவில் மற்ற ஆர்கெஸ்ட்ராக்களில் அது பரவலானது 70, 80-களில்தான். கார்ப்பெட் எதற்கு என்று நினைத்தீர்கள்? செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரியக் கூடாது என்பதற்காக. ஆபி கோனன்ட் என்ற பெண் டிராம்போன் கலைஞரை நினைத்துப் பாருங்கள். 1980-ல் ம்யூனிக் ஃபில்ஹார்மோனிக் ஆடிஷனுக்கு ஆண் என்று நினைத்து அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். திரைக்குப் பின்னால் ஊதி முதல் டிராம்போன் இடத்தை வென்றார். அதன் பிறகு அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள 1993 வரை கோர்ட் படி ஏறினார். வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை உறுப்பினராக ஏற்றதே 1997-ல்தான். முகத்தைப் பார்த்துச் சொல்வது நல்லது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

தாளவாத்தியம்

நான் நிரந்தர வேலையில் இல்லை. கூப்பிட்டால் போகிறவன். ப்ரூக்னர் ஏழாவது சிம்பொனிக்கு சிம்பல் (பெரிய ஜால்ரா மாதிரி) அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மொத்தச் சிம்பொனியிலும் ஒரே ஒரு அடி, இரண்டாம் பகுதியின் உச்சத்தில். ஒத்திகைக்குப் பத்து நாள் முன்பு அலுவலகத்திலிருந்து போன்: "நீங்கள் வர வேண்டாம்."

காரணமாகச் சொன்னது அந்தப் பழைய சர்ச்சையை. கையெழுத்துப் பிரதியில் சிம்பல், டிரையாங்கிள், டிம்பனி வரிகள் தனித் துண்டுத்தாளில் ஒட்டியிருக்கும், அதன்மேல் யாரோ 'செல்லாது' என்று ஜெர்மனில் எழுதியிருப்பார்கள். யார் எழுதியது என்று இன்றும் சண்டை. ஹாஸ் என்பவர் தொகுத்த பதிப்பில் அந்த அடி கிடையாது, நோவாக் என்பவர் தொகுத்ததில் உண்டு. கண்டக்டர் இசைக் காரணத்துக்காக விட்டிருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் போனில் பேசியவரே அப்புறம் மெல்லச் சொல்லிவிட்டார், ஒரு ஆள் கூலி மிச்சம் என்று.

டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் மேல் மாடியில் உட்கார்ந்தேன். அந்த உச்சம் வந்தபோது என் இரண்டு கையும் தானாக எழுந்துவிட்டன. பக்கத்து ஸீட் அம்மா திரும்பிப் பார்த்தார். அதுதான் உறுத்துகிறது.

அலுவலகப் பக்கம்

நான் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சந்தாக் கணக்கு, அதாவது வருடம் முழுக்க ஸீட் எடுப்பவர்களின் கணக்கு, பார்க்கிறேன். மேலே எழுதியவருக்குச் சொன்ன காரணம் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். பணம் இல்லையென்றால் பணம் இல்லை என்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1966-லேயே சொல்லிவிட்டார்கள்: தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்கிற வேலை வருடா வருடம் கூடுகிறது, ஆனால் பேத்தோவன் குவார்ட்டெட்டுக்கு அன்றும் நாலு பேர், இன்றும் நாலு பேர், நேரமும் அதே. சம்பளம் மட்டும் வெளியுலகத்தோடு ஏறியாக வேண்டும். டிக்கெட் வருமானம் அந்த இடைவெளியை அடைக்காது. நன்கொடையோ அரசுப் பணமோ வேண்டும். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா மாதிரி ஆர்கெஸ்ட்ராவே 2011-ல் திவால் பாதுகாப்புக் கேட்டது. மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் 2012 அக்டோபரில் கலைஞர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார்கள், 2014 ஜனவரியில்தான் உடன்பாடு வந்தது. நடுவில் கலைஞர்களே சேர்ந்து கச்சேரி நடத்தினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வயதான அம்மா சந்தாவைத் திருப்பிக் கொடுக்க நேரில் வந்தார். பணம் கேட்கவில்லை. "இருட்டில் தனியாகத் திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது, பகலில் வைக்க மாட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்த ஸீட் அந்த வருடம் முழுக்கக் காலி.

ஓய்வு பெற்ற செல்லோ

என் கதை சின்னது. கடைசிக் கச்சேரிக்கு முன்பு எல்லாரும் சுருதி சேர்க்க ஓபோ 'ஏ' ஸ்வரம் கொடுத்தது, எனக்கு அது காது இரைச்சலுக்குள் அமுங்கிக் கேட்டது. பல வருடம் டிரம்பெட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பலன்.

இரண்டாம் வயலினுக்குச் சில வார்த்தை. நான் பல தடவை திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மார்க் போட்டதும் பென்சிலைக் கீழே வைப்போம். தேர்வானவருக்கும் அப்படித்தான் வைத்தோம். அதை உங்களுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் முதலில் கேட்பது தாளம் நிற்கிறதா என்று, அடுத்து சுருதி, அப்புறம்தான் மற்றது. ஸ்பீடில் ஆள் விழுவதைவிட, பயத்தில் ஓடி விழுவதுதான் அதிகம். அந்தப் பக்கத்தைக் கை சூடானபின் வாசிப்பதை விட்டுவிட்டு, காலையில் எழுந்ததும் வயலினை எடுத்து ஒரே தடவை வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். நாலு நண்பர்களை உட்கார வைத்து அவர்களுக்கு முதுகு காட்டி வாசியுங்கள். இரண்டாம் வயலின் இடத்துக்குப் போகிறவர்கள் இரண்டாம் வயலின் பகுதிகளையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும், பலர் அங்கேதான் தவறுகிறார்கள். ஆடிஷனுக்காகவே வாழாதீர்கள். மாணவர்களை வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேர் சேர்ந்து குவார்ட்டெட் வாசியுங்கள், மாற்று ஆள் பட்டியலில் பெயர் கொடுங்கள். வேலை கிடைக்கும் வரை கையும் மனசும் வாத்தியத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலைஞர்களுக்கென்றே வருகிற காது அடைப்பானை இன்றே வாங்குங்கள். போன காது திரும்பாது.

இரண்டாம் வயலின்

ஐயா, அறிவுரை கேட்டு எழுதவில்லை, ஆனால் பென்சில் விஷயம் சொன்னதற்கு நன்றி. டிராம்போன், திரையைப் பற்றி நான் எழுதியது தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தாளவாத்தியம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு மாடியில் கை எழுந்தது சரியான இடத்தில்தானா?

தாளவாத்தியம்

ஆமாம். இசைத்தாளில் டபிள்யூ என்று எழுத்துக் குறித்த இடத்தில், முதல் அடியில்.