இன்ஃபோகிராஃபிக் காட்டினா பசங்க பாத்துட்டு மறந்துடறாங்க, என்ன பண்ணலாம்?

9ஆம் வகுப்பு மிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். பருவமழைக்கு கேன்வாங்கற டிசைன் ஆப்ல ஒரு இன்ஃபோகிராஃபிக் (விஷயத்த படமா காட்டற சார்ட்) ரெடி பண்ணி லேப்ல ப்ரொஜெக்டர்ல போட்டேன், மேகம், மழைத்துளி, அம்புக்குறின்னு நல்லாத்தான் வந்துச்சு, பசங்களும் "சூப்பர் மிஸ்"னாங்க. மறுநாள் தமிழ்நாட்டுக்கு எந்தப் பருவத்துல மழை அதிகம்னு கேட்டா பாதி கிளாஸ் தென்மேற்குங்குது. ராத்திரி உக்காந்து செஞ்சதெல்லாம் வேஸ்டா? பேசாம போர்டுலயே எழுதிப் போட்டுடலாமா?

கணக்கு வாத்தியார்:
மேடம், அத செஞ்சதுல நீங்கதான் பாடம் படிச்சிருக்கீங்க, பசங்க படம் பாத்திருக்காங்க, அவ்ளோதான். எத எடுக்கறது எத விடறதுன்னு மண்டைய உடைச்சிக்கற அந்த வேலைய அவங்ககிட்ட குடுங்க. நாலு பேருக்கு ஒரு சார்ட், மாசவாரி மழை அளவு டேபிள், ஒரே கண்டிஷன்: தலைப்பே விஷயத்த சொல்லணும். "பருவமழை"ன்னு போட்டா செல்லாது, "நம்ம மழைல கிட்டத்தட்ட பாதி அக்டோபர் டூ டிசம்பர்"னு போடணும்.

அப்புறம் ஐகான்ல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. மழை ரெண்டு மடங்குன்னு காட்ட துளிய ரெண்டு மடங்கு உயரமா இழுப்பாங்க, அகலமும் கூடவே இழுபடும், பாக்க நாலு மடங்கா தெரியும். பேப்பர்ல டிவில வர்ற படத்துலயே இது சகஜம், அத கண்டுபிடிக்கச் சொன்னா பசங்க விட மாட்டாங்க.

ஹிஸ்டரி பைத்தியம்:
சார் சொல்றது சரி, ஆனா ரெடிமேட் படம் காட்டவே கூடாதுன்னு இல்ல, படம் நல்லதா இருக்கணும். பிரான்ஸ் இன்ஜினியர் சார்ல்ஸ் மினார்ட் 1869ல போட்ட நெப்போலியன் படைப் படத்த கூகுள்ல தேடிப் பாருங்க. 1812ல ரஷ்யாவுக்குள்ள போறப்ப 4,22,000 பேரு, மாஸ்கோவுல 1,00,000, திரும்பி வந்தது 10,000. 10,000 பேருக்கு 1 மில்லிமீட்டர் அகலம்னு பட்டை வரைஞ்சிருக்காரு, கீழ திரும்பி வர்ற வழியோட குளிர் அளவு.

நான் எதுவும் சொல்லாம பிரின்ட் குடுத்து "படை எங்க கரைஞ்சுது?"ன்னு மட்டும் கேப்பேன். எல்லாரும் குளிர்லன்னுதான் ஆரம்பிப்பாங்க, ஸ்கேல் வச்சு அளந்ததும் கிளாஸே கத்தும், ஏன்னா வழியில தனியா பிரிஞ்சு போன படைய கழிச்சாலும் பெரும்பகுதி குளிர் வர்றதுக்கு முன்னாடி, மாஸ்கோ போற வழியிலேயே போயிடுச்சு. திரும்பறப்ப பெரெசினா ஆறு தாண்டற எடத்துல 50,000 சட்டுனு 28,000 ஆகும், அத கண்டிப்பா எவனாவது ஒருத்தன் கண்டுபிடிச்சு கைய தூக்குவான்.

9ஆம் வகுப்பு மிஸ்:
செம சார், நாளைக்கே பிரின்ட் எடுக்கறேன். சார்ட் வேலைதான் பயமா இருக்கு, கலர் அடிக்க உக்காந்தா ரெண்டு பீரியட் போயிடும், போர்ஷன் யாரு முடிக்கறது?

கணக்கு வாத்தியார்:
ஸ்கெட்ச் பேனாவ கண்ணுலயே காட்டாதீங்க மேடம். அரைத்தாள், பென்சில், இருபது நிமிஷம். முடிச்சதும் பக்கத்து குரூப்புக்கு மாத்திக் குடுங்க, அவங்க பாத்து என்ன புரிஞ்சுதுன்னு பின்னாடி ஒரு வரி எழுதட்டும், வரைஞ்சவங்க நெனச்சதும் அதுவும் ஒண்ணா இல்லைன்னா திருப்பி வரையணும். மார்க்கு அதுக்குத்தான்னு முன்னாடியே சொல்லிடுங்க.