சேலம் தட்டுவடை செட் கடைகள்: எது நிக்குது, எது ஏன் மூடுது

(பல பேர் எழுதினது. ஒவ்வொரு தலைப்பும் எழுதினவரோட ஏரியா; கடைசியில வர்ற சௌகார்பேட்டை தவிர எல்லாம் சேலத்துப் பகுதிகள்.)

குகை

வெளியூர்க்காரங்களுக்கு முதல்ல ஒரு வரி. பிரெட் இல்லாத சாண்ட்விச்தான் தட்டுவடை செட். ரெண்டு சின்னத் தட்டுவடை (தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கற வடை), நடுவுல துருவின பீட்ரூட், கேரட், பொடியா நறுக்கின வெங்காயம், ஒரு பக்கம் புதினா மல்லி சட்னி, மறுபக்கம் மிளகாய் பூண்டு சட்னி. சாயங்காலம் 4 மணிக்கு மேல சேலத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வண்டியாவது நிக்கும்.

கடைக்குக் கடை ஒப்பிடறப்போ ரேட்டை விட முக்கியமா பார்க்க வேண்டியது, சட்னியை எப்போ பூசறாங்க என்பது. ஆர்டர் சொன்ன பிறகு பூசினாத்தான் அது செட். கூட்ட நேரத்துல வேகமா கொடுக்கணும்னு 20, 30 செட்டை முன்கூட்டியே அடுக்கி வைக்கிற கடைகள் இருக்கு. அஞ்சு நிமிஷம் தாண்டினா அடி வடை நமத்துப் போகும், கடிச்சா நொறுங்காது, வளையும். அங்க எவ்வளவு நல்ல சட்னி இருந்தாலும் வீண்.

ரேட் ஒப்பிடறவங்க இன்னொண்ணும் கவனிங்க. சில கடையில தட்டுக்கு 5 செட், சில கடையில 6. அதைக் கேட்காம "அங்க விலை கம்மி"ன்னு சொல்லாதீங்க.

அம்மாபேட்டை

அண்ணன் சொன்னது சரி. ஆனா பூசற நேரம் மட்டும் இல்லைங்க, வடையிலயே பாதி விஷயம் முடிஞ்சிடுது. பண்டிகைக்குச் சுடற தட்டையை செட்டுக்குப் பயன்படுத்த முடியாது. அது பெரிசு, கனம் ஜாஸ்தி, கடலைப்பருப்பு நிறைய. செட்டுக்கு ரெண்டு அங்குல அகலம், ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல கனம், அவ்வளவுதான். வாய்க்குள்ள ஒரே கடியில, இல்லைன்னா ரெண்டு கடியில போகணும்.

வீட்டுல செய்யறவங்களுக்கு அளவு: அரிசி மாவு 4 கப், பொட்டுக்கடலை மாவு அரை கப், ஊற வைச்ச கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, 6 காய்ஞ்ச மிளகாயும் 8 பல் பூண்டும் சேர்த்து அரைச்ச விழுது, கறிவேப்பிலை, உப்பு. துணியில தட்டி, முள்கரண்டியால நாலஞ்சு இடத்துல குத்தணும். குத்தாம விட்டா பூரி மாதிரி உப்பும். உப்பின வடை மேல காய் நிக்காது, சரியும். மிதமான தீயில போட்டு, எண்ணெயில சலசலப்பு அடங்கினதும் எடுக்கணும்.

வெண்ணெய் கூடினா எண்ணெயிலேயே பிரியும், தப்பிச்சு வந்தாலும் சட்னிக் கரண்டி பட்டதும் உடையும். குறைஞ்சா கல்லு மாதிரி இருக்கும், கடிக்கறப்போ உள்ள இருக்கற காயெல்லாம் பக்கவாட்டுல பிதுங்கும். நல்ல கடையில வடையை விரல்ல அழுத்திப் பார்த்தா சட்டுனு ரெண்டா உடையும், தூளாகாது.

செவ்வாய்பேட்டை

காய் பத்தி யாரும் சொல்லலை. பீட்ரூட் துருவலில் உப்பு போடவே கூடாது. உப்பு பட்டதும் தண்ணி விடும், அந்தத் தண்ணிதான் வடையை நமக்க வைக்கிற முதல் ஆள். உப்பு சட்னியில மட்டும் இருக்கட்டும். துருவினதும் கையால ஒரு பிழி பிழிஞ்சு வைச்சிருக்கிற கடையைப் பார்த்தா நம்பிப் போகலாம். வெங்காயத்தை 4 மணிக்கு நறுக்கி 9 மணி வரைக்கும் ஓட்டற கடையில, 7 மணிக்கு மேல ஒரு வாடை வரும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா நறுக்கறவங்கதான் விவரம் தெரிஞ்சவங்க.

பச்சை சட்னி கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது. மல்லி ரெண்டு பங்கு, புதினா ஒரு பங்கு, பச்சை மிளகாய், துளி இஞ்சி, எலுமிச்சை. தண்ணிக்குப் பதிலா ரெண்டு ஐஸ் கட்டி போட்டு அரைச்சா நிறம் கருக்காது. புதினா கூடினா கசக்கும். சிவப்புச் சட்னி செங்கல் நிறத்துல இருக்கணும். குங்குமச் சிவப்பா பளபளன்னு இருந்தா சந்தேகப்படலாம். சட்னியில செயற்கை நிறம் சேர்க்க அனுமதி கிடையாது. 2024 பிப்ரவரியில ரோடமின் பிங்கற தொழிற்சாலைச் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு தடை பண்ணின பிறகு கொஞ்சம் விழிப்பு வந்திருக்கு, ஆனா நாமளும் கேட்கணும்.

அஸ்தம்பட்டி

மூடற கடைகள் பத்தி எழுதறேன், இதை யாராவது கடை போட நினைக்கிறவங்க படிச்சா நல்லது.

செட் கடைக்கு வியாபார நேரம் சாயங்காலம் 4லிருந்து 9 வரைக்கும்தான். கணக்கைப் பாருங்க. மாச வாடகை 15,000 ரூபாய், 26 நாள் கடை திறக்கறீங்கன்னா, ஒரு நாளைக்கு 577 ரூபாய். 60 தட்டு வித்தா தட்டுக்கு 9 ரூபாய் 60 பைசா வாடகைக்கே போகுது. 40 ரூபாய்க்கு விக்கிற தட்டுல கிட்டத்தட்ட கால் பங்கு! வடை, எண்ணெய், காய், ஆள் கூலி, கேஸ் எல்லாம் மீதியில. தள்ளுவண்டிக்காரருக்கு அந்த 577 கிடையாது. அதனாலதான் வண்டியில பேர் எடுத்து, ஏசி கடைக்கு மாறினதும் பல கடை தடுமாறுது. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து, கைக்காசு அங்கேயே முடங்கிடும்.

அடுத்த தப்பு, வாடகையை ஈடுகட்ட மெனுவை நீட்டறது. சீஸ் செட், பீட்சா செட், மயோனைஸ் செட், பிரெட் சாண்ட்விச், மோமோ. 2025 ஏப்ரல் 8லிருந்து பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டு தடை வந்தப்போ, அதை நம்பி மெனு போட்ட கடைகள்தான் திண்டாடிச்சு. செட்டும் நொறுக்கலும் (வடையை நொறுக்கிக் காய், சட்னியோட கலந்தது) முறுக்கு செட்டும் மட்டும் போடற கடைக்கு அந்தத் தலைவலியே இல்லை.

மெனு நீண்டா இன்னொரு கேடு. செட் போடற கை வேற வேலைக்குப் போயிடும். முன்கூட்டியே அடுக்க ஆரம்பிப்பாங்க. முதல்ல குகை அண்ணன் சொன்ன நமத்துப் போற கதை அங்கேதான் தொடங்குது.

பொன்னம்மாபேட்டை

இடம் பத்தியும் சேர்த்துக்கோங்க சார். செட் நின்னு சாப்பிடற பண்டம். வண்டியை நிறுத்த பத்தடி இடம் இல்லாத கடை நிக்காது. 2020ல் ஐந்து ரோடு மேம்பாலம் திறந்தது, 2023ல் பழைய பஸ் ஸ்டாண்டு ஈரடுக்கா திறந்தது. இந்த மாதிரி வேலை நடக்கற பக்கம் கடை பிடிக்கறதுக்கு முன்னாடி, வேலை முடிஞ்ச பிறகு ஆள் எந்தப் பக்கம் நடப்பாங்க, ஸ்கூட்டர் எங்க நிக்கும்னு ஒரு வாரம் சாயங்காலம் நின்னு பார்க்கணும். பாலத்து மேல போற வண்டி செட் சாப்பிட இறங்கி வராது.

உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு வண்டிக் கடைக்கும் உண்டு. நியூஸ் பேப்பர்ல வைச்சுத் தரக் கூடாது. பிளாஸ்டிக் பூசின பேப்பர் தட்டும் 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டுல தடை. மந்தாரை இலைத் தட்டோ பாக்குமட்டைத் தட்டோ வாங்கிடுங்க. கேஸ் 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்கணும், வீட்டு சிலிண்டர் வைச்சு மாட்டினா அந்த மாச லாபம் போச்சு.

சௌகார்பேட்டை, சென்னை

எங்க பக்கம் முறுக்கு சாண்ட்விச் இருக்கு, மின்ட் தெருவைச் சுத்தி. அதையும் செட்டையும் ஒண்ணுன்னு சொல்றவங்களுக்காக எழுதறேன். முறுக்குல ஓட்டை இருக்கறதால சட்னி கீழ இறங்கிடும். அதனால முதல்ல வெண்ணெய் தடவறாங்க, அது ஓட்டையை அடைக்குது. மேல வெள்ளரி, தக்காளி, வெங்காய வில்லை, சாட் மசாலா. துருவல் வைச்சா முறுக்கு வழியா உதிரும், அதனால எல்லாமே வில்லை. சேலத்து வடை மூடின பரப்பு, அதனால துருவல் தாங்குது. ரெண்டும் வேற வேற அறிவு. பம்பாய் பிரெட் சாண்ட்விச்சுலயும் சட்னிக்கு முன்னாடி வெண்ணெய் தடவறது இதே காரணத்துக்குத்தான்.

ஒரு சந்தேகம்: சேலத்துலிருந்து ராத்திரி ரயில்ல செட் கொண்டு வர வழி இருக்கா?

அம்மாபேட்டை

பூசின செட் வராதுங்க, ஆப்ல ஆர்டர் பண்ணினா அடுத்த தெருவுக்கே ஒழுங்கா வராது. தனித்தனியா கேளுங்க, நல்ல கடையில முகம் சுளிக்காம கட்டித் தருவாங்க. தட்டுவடையைக் காத்துப் புகாத டப்பாவுல வாங்கிக்கோங்க, பத்து நாள் நிக்கும். சிவப்புச் சட்னியை மட்டும் கொண்டு போங்க, வீட்டுக்குப் போனதும் நல்லெண்ணெயில சுருள வதக்கி ஃபிரிட்ஜ்ல வைங்க. பச்சை சட்னியை ரயில்ல எடுத்துட்டுப் போகாதீங்க, காலைக்குள்ள புளிச்சிடும். அதை அங்கேயே அரைங்க. பீட்ரூட்டும் கேரட்டும் சாப்பிட உட்கார்ந்த பிறகு துருவினாப் போதும்.